பெட்டிக்காரர் வாங்கிய பிரிண்டர்

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைக்கூடத்தையும் தாண்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. உள்ளே எட்டுக் குளிர்பெட்டிகள். அவற்றுக்கு இருபத்திரண்டு வருடம் பொறுப்பாக இருந்தவரைப் பெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

மனிதர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். சந்தையில் மூட்டை தூக்கினார், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினார், யார் சிபாரிசும் இல்லாமல் அந்த அறைச் சாவியைக் கையில் வாங்கினார். அந்த வேலைக்கு யாரும் போட்டி போடவில்லை என்பது வேறு விஷயம். வாங்கினாரா இல்லையா? பெரிய டாக்டரே அவரைப் பார்த்தால் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போவார். "டாக்டருங்க வருவாங்க, போவாங்க. என்னைப் பார்க்காம இங்கேருந்து போறவங்கதான் கம்மி" என்று டீ குடிக்கும் இடத்தில் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸுகள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் டம்ளரைப் பார்ப்பார்கள்.

அவருடைய பெருமைக்குக் காரணம் சாவி இல்லை. ஆல்பம்.

பெயர் தெரியாமல் வந்து சேரும் உடல்களைப் படம் எடுத்து ஓர் ஆல்பத்தில் வைப்பது அங்கே வழக்கம். காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவார்கள். எட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினால் தேடி வந்தவரையும் அங்கேயே படுக்கவைக்க வேண்டியதுதான். ஆல்பத்தில் ஒரு முகத்தின்மேல் விரல் வைத்தால்தான் பெட்டி திறக்கும். பன்னிரண்டு நாளுக்குள் யாரும் விரல் வைக்காவிட்டால் நிர்வாகமே எடுத்துப்போய்ப் புதைத்துவிடும். அதற்குப் பிறகும் படம் மட்டும் ஆல்பத்தில் இருக்கும்.

ஆல்பத்தைக் காட்டும்போது பெட்டிக்காரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வாயைத் திறக்கமாட்டார். அடையாளம் கேட்கமாட்டார், எந்தப் பக்கத்தையும் சுட்டிக்காட்டமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரிடம், வயது பொருந்துகிறதே என்று, "இதைப் பாருங்க" என்று ஒரே ஒரு படத்தைக் காட்டிவிட்டார். கிழவர் அழுதுகொண்டே தலையாட்டிவிட்டு எடுத்துப்போய்க் காரியம் முடித்தார். நாலாம் நாள் அவர் மகன் வெளியூரிலிருந்து பையோடு வீடு வந்து சேர்ந்தான். புதைத்தது யாரை என்று கேட்டுக்கொண்டு இன்னொரு குடும்பம் வாசலில் வந்து நின்றது. துக்கத்தில் இருக்கிறவன் எதைக் காட்டினாலும் ஆமாம் என்பான் என்று பெட்டிக்காரருக்கு அன்றைக்குப் புரிந்தது. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கே தெரியாத விஷயம் இது. அதிலிருந்து அவருக்கு ஒரே சட்டம்: படம் பேசட்டும்.

ஆனால் படம் சரியாகப் பேசவில்லை. அதுதான் அவருக்குத் தலைவலி.

ஆல்பத்துக்கான படங்களை அச்சடித்தது குமாஸ்தாவின் அறையில் இருந்த மெஷின். ஊரில் உள்ள சுற்றறிக்கையெல்லாம் துப்பித் துப்பி ஓய்ந்துபோன மெஷின் அது. நீல மை எப்போதும் தீர்ந்தே இருக்கும். அதனால் ஆல்பத்தில் இருந்த அத்தனை பேரும் வெயிலில் வெந்த செங்கல் நிறத்தில் இருந்தார்கள். தேடி வந்தவர்கள் பக்கத்தைத் திருப்புவார்கள், மறுபடி திருப்புவார்கள், எல்லாம் ஒரே ஆள் மாதிரி இருக்கிறதே என்பார்கள். கண்ணீர் சொட்டினால் மை கரைந்து கன்னம் ஒழுகிவிடும். நல்ல மெஷின் வேண்டும் என்று பெட்டிக்காரர் மூன்று தடவை மனுக் கொடுத்தார். மூன்றாவது மனுவுக்கு, செத்தவர்களுக்குக் கலர் எதற்கு என்று யாரோ பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எழுதினவன் ஒரு நாள் இங்கதான் வருவான். அவனைக் கறுப்பு வெள்ளையில எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கைக்காசைப் போட்டு வாங்குவது என்று முடிவுகட்டினார். வாங்கினால் வீட்டில்தான் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தால் மறுநாளே அதன் நெற்றியில் ஒரு நம்பரை ஒட்டிக் குமாஸ்தா தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கடைக்கு மனைவியையும் அழைத்துப் போனார். அந்த அம்மாள், அவர் ஸ்ட்ரெச்சர் தள்ளிய நாளிலிருந்தே, முப்பது வருடமாக அவருடைய துணிகளைத் தனி வாளியில் துவைப்பவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. கடைப்பையன் மூன்று மெஷின்களைக் காட்டினான். ஒன்று அலுவலகங்களில் இருக்கும் பெரியது. இன்னொன்று நாலு பாட்டில் மை ஊற்றுவது. மூன்றாவது சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருந்தது. அதற்கு மை கிடையாது, கலர் நாடாதான் என்றான்.

பெட்டிக்காரர் விவரம் எதையும் கேட்கவில்லை. செல்போனில் இருந்த மனைவியின் படத்தை மூன்றிலும் அடிக்கச் சொன்னார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு படத்தின் கன்னத்திலும் அழுத்தித் தேய்த்தார். கடைப்பையன் பதறினான். முதல் படம் வெளுத்தே வந்திருந்தது. இரண்டாவது படம் தேய்த்த இடத்தில் இழுத்துக்கொண்டது. சின்ன மெஷினோ காகிதத்தை நாலு தடவை உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. முதலில் மஞ்சளாக ஒரு நிழல், அப்புறம் சிவப்பு ஏறியது, அப்புறம் நீலம் விழுந்ததும் ஆள் எழுந்து வந்து நிற்பது போல முகம் வந்தது. கடைசியாக அதன்மேல் ஒரு கண்ணாடிப் பூச்சு. எவ்வளவு தேய்த்தாலும் அசையவில்லை.

"முகம் எங்க இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சிடும் ஐயா. வெளிச்சம் பத்தலைன்னாலும், முகம் டல்லா இருந்தாலும் தானாவே எடுப்பாக்கிக் குடுக்கும். நீங்க ஒண்ணும் செய்யவேண்டாம்" என்றான் பையன்.

குளிரறை விளக்கில் எடுத்த படங்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பெட்டிக்காரர் நினைத்தார். மனைவி தன் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். இரண்டு கன்னத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு படர்ந்து, போகவே போகாத மங்கு அதில் இல்லை.

"இது யாருக்குப் பொண்ணு பார்க்க எடுத்த படம்?" என்றார்.

"மெஷின் அப்படி" என்று பெருமையாகச் சொல்லி, அதையே கட்டச் சொன்னார் பெட்டிக்காரர். மூன்றையும் எச்சில் தொட்டுத் தேய்த்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவன் இந்த ஊரில் தான் ஒருவன்தான் என்று பஸ்ஸில் வரும்போதும் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வைக்கப் பார்த்தார். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அது வாயிலேருந்து வர்ற முகங்க இந்த மேசையில விழவேண்டாம்" என்றார். பின்னறையில் துணி மடிக்கும் பலகைமேல் இடம் ஒதுக்கினார். பக்கத்து வீட்டுக்காரி பேரக்குழந்தையின் படத்தைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுவந்தபோது மெஷின் ரிப்பேர் என்று மனைவி பொய் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் பெட்டிக்காரருக்கு அவர்மேல் வருத்தம். இவ்வளவு நல்ல மெஷினை ரிப்பேர் என்று சொல்லலாமா?

ஏழு மாதம் அந்த மெஷின் ஓடியது. வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, கேமராவின் கார்டைச் செருகி, அன்றைய முகத்தை அடித்து மறுநாள் காலையில் ஆல்பத்தில் வைப்பார். ஆல்பம் பார்க்கவே வேறு மாதிரி ஆனது. அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டரம்மா ஒரு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு, தூங்குகிற மாதிரி இருக்கிறார்களே என்றார். அந்த வார்த்தையைப் பெட்டிக்காரர் ஒரு வாரம் சுமந்து திரிந்தார். குமாஸ்தாவுக்கும் வேலை சுலபமானது. பதிவேட்டில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. குளிரறைக்குள் கால் வைக்கவே அந்த மனுஷனுக்கு நடுங்கும், ஆகையால் ஆல்பத்துப் படத்தைப் பார்த்தே அந்தக் கட்டத்தை நிரப்புவார். முன்பு படம் தெளிவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது நிம்மதியாக, அடையாளம் எதுவும் இல்லை என்று எழுதினார்.

ஐந்தாம் பெட்டிக்கு ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கலாம். சாலையைக் கடக்கும்போது எதுவோ அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. உடுப்பை அவசரப் பிரிவிலேயே கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். சட்டைப்பையில் ஒன்றும் இல்லை. செல்போனை யாரோ அதற்கு முன்பே எடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் ஓர் அக்கா வந்தாள். தையல் கூடத்தில் வேலை செய்பவள் என்று புடவையில் ஒட்டியிருந்த நூலே சொல்லியது. தம்பி வேலை தேடிப் போனவன், ஐந்து நாளாகப் பேச்சு இல்லை என்று வாசலில் இருந்தவரிடம் சொல்லியிருந்தாள். பெட்டிக்காரர் ஆல்பத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் ஒவ்வொரு முகத்தையும் படிக்கிற மாதிரி பார்த்தாள். ஐந்தாம் பெட்டிப் பையனின் பக்கம் வந்ததும் நின்றாள். பக்கத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். வெளுப்பான, வழவழப்பான முகம்.

"பாவம், நல்ல வசதியான வீட்டுப் புள்ள போல. யாரு பெத்ததோ" என்றாள். திருப்பினாள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதை எத்தனையோ பேர் முகத்தில் பார்த்துவிட்ட பெட்டிக்காரர், இவளுக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார். பன்னிரண்டாம் நாள் ஐந்தாம் பெட்டியைத் திறந்து, துணி சுற்றி, வண்டியில் ஏற்றிக் கையெழுத்துப் போட்டார். தகரப் பலகையில் ஒரு நம்பரோடு பையன் மண்ணுக்குள் போனான்.

அதற்கு நாலு நாள் கழித்து அக்கா திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் கையில் ஒரு சீட்டு. ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கிக் கடைசியில் இதே கட்டிடத்தின் முன்பக்கத்தில் வாங்கிய சீட்டு. பெயர் தெரியாத ஆண், இடது கண்ணுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு, கன்னங்களில் பருக்குழி என்று ஒரு நர்ஸ் அவசரமாக எழுதியிருந்தாள். தேதி இருந்தது.

பெட்டிக்காரர் தேதியைப் பார்த்தார். ஐந்தாம் பெட்டி. ஆல்பத்தைத் திறந்து படத்தைப் பார்த்தார். தழும்பும் இல்லை, குழியும் இல்லை. நர்ஸ் ஆள் மாற்றி எழுதியிருப்பாள் என்றுதான் முதலில் அவர் மனம் ஓடியது. ஆனால் அந்தப் பையனைத் துடைத்தது அவர் கைதான். ஈரத்துணி கண்ணுக்குக் கீழே ஓரிடத்தில் வழுக்கியது அந்தக் கைக்கு நினைவிருந்தது. அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தார். சின்னத் திரையில் படத்தைத் தேடி, பட்டனை அழுத்தி அழுத்திப் பெரிதாக்கினார்.

தழும்பு இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு வைத்த மாதிரி, கட்டைவிரல் அகலத்துக்கு.

அந்த நிமிஷத்தில் அவர் கேமராவை அணைத்திருக்கலாம். நர்ஸின் சீட்டு ஒரு பக்கம், ஆல்பமும் பதிவேடும் ஒரு பக்கம். யாரும் அவரைக் கேட்டிருக்கப்போவதில்லை. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. அவர் கேமராவை அவளிடம் நீட்டினார்.

அவள் வெகு நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஆல்பத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இதை நான் பார்த்தேன்ல?"

"பார்த்தீங்கம்மா."

"பாவம்னு சொன்னேன்."

"ஆமாம்மா."

"அப்ப அவன் எங்க இருந்தான்?"

பெட்டிக்காரர் சுவரைக் காட்டினார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அவள் நின்ற இடத்திலிருந்து பத்து அடி.

"நீங்க ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"நான் சொல்றதில்லம்மா. இத்தனை வருஷமா நான் சொன்னதில்ல."

"இந்தத் தழும்பு என் கையால வந்தது. அவனுக்கு மூணு வயசு. நான் இஸ்திரி போட்டுட்டிருந்தேன், ஓடி வந்து மோதினான். அதைத் தேடித்தான் ஒவ்வொரு பக்கமா பார்த்தேன்." குரல் உயரவே இல்லை. "அதை யாரு அழிச்சது?"

அவருக்குப் பதில் தெரியும். நாலு தடவை காகிதம் போய்ப் போய் வந்ததும், கடையில் மனைவி ஜன்னல் பக்கம் நின்றதும் கண்முன் வந்தன. "நான் வாங்கின மெஷின்தாம்மா" என்றார்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். தம்பி பெயரில் ஒரு இறப்புச் சான்றிதழ், குழி எங்கே என்ற தகவல். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அது அவ்வளவு லேசில் ஆகவில்லை. அடையாளம் எதுவும் இல்லை என்று பதிவேடு சொல்கிறது, படமும் அதையே சொல்கிறது, தழும்பு இருக்கிறவன் எப்படி இவனாவான் என்று குமாஸ்தா கையை விரித்துவிட்டார். எழுதினது அவர்தான் என்பதை வசதியாக மறந்தும் விட்டார். பெட்டிக்காரர் டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மாள் கேமராவையும் ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"படம் தப்புன்னு பொறுப்பா இருந்தவர் எழுத்துல குடுத்தாத்தான் பதிவேட்டைத் திருத்த முடியும். ஆனா நீங்க எழுதிக் குடுத்தா, ஆஸ்பத்திரிப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்த மெஷின்ல போட்டதும் வெளிய வரும். யோசிச்சுக்கோங்க பெரியவரே."

"எத்தனை வரி எழுதணும்?" என்றுதான் கேட்டார் அவர்.

அவர் அதுவரை எழுதியதெல்லாம் கையெழுத்து மட்டும். மனுக்களைக்கூட வாசலில் எழுதித் தருகிறவரிடம் சொல்லித்தான் எழுதி வாங்கினார். இதை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். எழுத்துகள் கோட்டைத் தாண்டி ஏறி இறங்கின. நான் வாங்கின மெஷின் முகத்தை மாற்றிவிட்டது, அது எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி நிறுத்தினார். மனைவி வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார். "என் மங்கு போனதை நான் அன்னிக்கே பார்த்தேன். நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அதான் விட்டுட்டேன்."

அதை எழுதவா என்று பெட்டிக்காரர் கேட்கவில்லை.

சான்றிதழ் வர ஆறு வாரம் பிடித்தது. குழியைக் காட்டப் பெட்டிக்காரரே போனார். அக்கா அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். தகரப் பலகைகள் வரிசையாக நின்றன. அந்தக் கிழவருக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்கு அவர் தேடி வந்தவர்களுக்குக் கையை நீட்டி, "இது" என்று சுட்டிக்காட்டினார். அந்த அம்மா உட்கார்ந்து மண்ணை உள்ளங்கையால் சமப்படுத்திக்கொண்டே இருந்தாள். படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கேமராவில் இருந்ததை அவர் வெளிக் கடையில் உள்ளபடியே அடித்துக் கொண்டுவந்திருந்தார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மாவுக்கு அந்த ஆல்பத்துப் படமே போதும். அதைக் குடுங்க" என்றாள். இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. மறுநாள் அதை உருவிக் கொடுத்தார்.

விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, சாவி போனது. ஓய்வு பெற மீதி இருந்த மாதங்களுக்குச் சலவைக்கூடத்தில் போட்டார்கள். புதிதாக வந்தவனிடம் ஆல்பம் போனது. படங்கள் குமாஸ்தாவின் மெஷினுக்கே திரும்பி, மறுபடி செங்கல் நிறமாயின.

அதோடு முடிந்திருந்தால் அவர் தூங்கியிருப்பார். ஆனால் அந்த ஏழு மாதத்தில் சின்ன மெஷின் அடித்தது நாற்பத்தொரு முகம். அதில் இருபது பேருக்கு விரல் வைத்து ஆள் வந்துவிட்டார்கள். அக்காவின் தம்பி போக, யாரும் விரல் வைக்காமல் மண்ணுக்குப் போனவர்கள் இன்னும் இருபது பேர். அவர்களில் எத்தனை பேருடைய அப்பனும் அக்காளும் பெண்டாட்டியும் அந்த மேசைமுன் நின்று, பாவம் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பி, நிம்மதியாக வீட்டுக்குப் போய் இன்றைக்கும் காத்திருக்கிறார்கள்? அதைச் சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேமராவின் கார்டை வாங்கி, இருபதையும் வெளிக் கடையில் போட்டார். எதையும் எடுப்பாக்காமல், இருக்கிறபடி போடச் சொல்லிக் கூடவே நின்றார். மருவும் தழும்பும் அம்மைத் தழும்பும் உடைந்த பல்லும் திரும்பி வந்தன. புதியவனிடம் கொடுத்தார். பழைய கேஸ் எல்லாம் எதற்கு என்று அவன் டிராயரில் போட்டுவிட்டான். பெட்டிக்காரர் இன்னொரு தடவை இருபதையும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் சலவைக்கூடத்திலிருந்து வந்து, ஆல்பம் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்காருகிறார். கையில் சோப்பு வாடை. யாராவது அறையிலிருந்து வெளியே வந்தால் எழுந்து நிற்கிறார்.

"அம்மா, முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்திருக்கீங்களா?" என்று கேட்கிறார்.

சிலர் பயந்து விலகிப் போகிறார்கள். ஓரிருவர் ஆமாம் என்கிறார்கள். அவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, உறையைப் பிரித்து, ஒவ்வொன்றாக மடியில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். நேற்று ஒரு பெரியவர் பதினாலு படத்தைப் பார்த்தார். பதினைந்தாவதைக் கையில் எடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பெரியவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

இருபதும் அப்படியே உறைக்குள் இருக்கிறது.